செங்கோர் ஏன் கட்சி மாறினார்?

செனகல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் லியோபோல்ட் செங்கோரின் பெயரைத் தமிழ்நாட்டில் அறிந்தவர்கள் பெரும்பாலும் மொழியாராய்ச்சி வழியாகவே அறிந்திருப்பார்கள். ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்கும் திராவிடப் பண்பாட்டுக்கும் ஆழமான உறவு உண்டு என்று நம்பியவர் அவர். 1974இல் சென்னைக்கு வந்து அதைப் பற்றிப் பேசவும் செய்தார். அவர் ஆட்சிக்காலத்தில்தான் க.ப. அறவாணன் டக்கார் பல்கலைக்கழகத்துக்குச் சென்று ஒப்பாய்வு செய்தார். கவிஞர், இலக்கண ஆசிரியர், யாரும் விரட்டாமலே பதவியை விட்டு இறங்கியவர் என்ற இந்தப் படத்துக்குள் 'கட்சி மாறியவர்' என்ற அடைமொழி எளிதில் ஒட்டாது. ஆனால் அவருடைய முப்பத்தைந்து ஆண்டு அரசியலும் ஒரு கட்சி மாற்றத்தின் மேல்தான் நிற்கிறது. 1948 செப்டம்பர் இறுதியில் பிரெஞ்சு சோசலிஸ்ட் கட்சியின் பொதுச்செயலாளர் கீ மொல்லேவுக்கு விலகல் கடிதம் எழுதிவிட்டு, அடுத்த மாதமே புதுக்கட்சி தொடங்கினார். இதை மனச்சாட்சியின் குரல் என்று அவருடைய அன்பர்களும், அரசியலுக்கு அழைத்துவந்த லமீன் கெய்க்குச் செய்த துரோகம் என்று எதிரிகளும் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே பாதி உண்மை என்பது என் கருத்து. வாக்குரிமை நகரத்திலிருந்து கிராமத்துக்கு நகர்ந்துகொண்டிருந்ததை அவர் மற்றவர்களுக்கு முன்பே கண்டுகொண்டார். வாக்கைத் தேடித்தான் கட்சி மாறினார். அந்த வகையில் அது நியாயமான மாற்றம். ஆனால் கிராமத்து வாக்கை அவர் திரட்டிய விதம் அடுத்த கால் நூற்றாண்டுக்கு அந்த நாட்டின் அரசியலை முடக்கிப்போட்டது.

செனகலில் தேர்தல் என்பது விடுதலைக்குப் பின் வந்த பழக்கம் அல்ல. 1848 புரட்சியில் பிரான்சு தன் பழைய குடியேற்றங்களுக்கு நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம் கொடுத்தபோது புதுச்சேரிக்குக் கிடைத்தது போலவே செனகல் கடற்கரை ஊர்களுக்கும் கிடைத்தது. சென் லூயி, கோரே, ரூஃபிஸ்க், டக்கார் ஆகிய நான்கு நகராட்சிகளில் பிறந்தவர்கள் வாக்களித்தார்கள். 1914இல் பிளேஸ் தியாஞ் வென்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் கறுப்பின ஆப்பிரிக்கர் ஆனார். இவர்கள் தங்கள் இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தை விடாமலே பிரெஞ்சுக் குடிமக்களாக இருக்கலாம் என்பதை 1916ஆம் ஆண்டுச் சட்டம் உறுதி செய்தது. நகராட்சி எல்லையைத் தாண்டினால் வேறு உலகம். அங்கே இருந்தவர்கள் குடிமக்கள் அல்லர், வெறும் 'ஆளப்படுவோர்'. வாக்கு கிடையாது. வெள்ளைக்கார வட்ட அதிகாரி விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கலாம், சாலை போடக் கட்டாய வேலைக்கு இழுக்கலாம். நாட்டின் மிகப் பெரும்பான்மை மக்கள் இந்த எல்லைக்கு வெளியே நிலக்கடலை பயிரிட்டு வாழ்ந்தவர்கள். ஆக, செனகல் அரசியல் என்றால் நான்கு ஊர்களின் அரசியல் என்றே பொருள். அந்தச் சின்ன வட்டத்துக்குள் அணி மாறுவது சகஜமாகவே இருந்தது. தியாஞ்சின் கூட்டாளியாக இருந்த கலாந்து தியுஃப் பின்னர் அவருக்கே எதிரியானார். வழக்கறிஞரான லமீன் கெய்யும் ஒரு கட்டத்தில் தியாஞ்சோடு இருந்து பிரிந்தவர்தான். 1934, 1936 தேர்தல்களில் தியுஃபிடம் தோற்ற கெய், தான் நடத்திய செனகல் சோசலிஸ்ட் கட்சியை 1938இல் பிரெஞ்சு சோசலிஸ்ட் கட்சியோடு இணைத்தார். ஆட்கள் இடம் மாறினார்களே தவிர, வாக்காளர்கள் அதே நகரத்துக் குடும்பங்களாகவே இருந்தார்கள்.

செங்கோர் இந்த வட்டத்துக்கு வெளியே பிறந்தவர். 1906இல் ஜோவால் என்ற கடற்கரை ஊரில், செரேர் இனத்தில், கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வசதியான கடலை வியாபாரி. ஆனாலும் சட்டத்தின் கண்ணில் அவர்கள் 'ஆளப்படுவோர்'தான். பாரிசுக்குப் படிக்கப் போன மகன், பிரெஞ்சுக் குடியுரிமையை விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. 1935இல் இலக்கணத்தில் பிரான்சின் உயர்நிலை ஆசிரியத் தகுதித் தேர்வில் தேறிய முதல் ஆப்பிரிக்கர் ஆனார். தூர் நகரத்தில் பிரெஞ்சுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார். போரில் ஜெர்மானியரிடம் பிடிபட்டுக் கைதியாக இருந்து திரும்பினார். 1945இல் செரேர் வாய்மொழிப் பாடல்களைத் திரட்ட ஊருக்கு வந்திருந்தபோதுதான் லமீன் கெய் அவரைத் தேர்தலில் நிற்கச் சொன்னார். அப்போது செனகலுக்கு இரண்டு இடங்கள்: ஒன்று குடிமக்களுக்கு, மற்றது குடிமக்கள் அல்லாதோருக்கு. முதல் இடம் கெய்க்கு உறுதி. இரண்டாவது இடத்தில், கிராமத்தில் வேர் உள்ள, பாரிசில் பேசத் தெரிந்த, ஆனால் சொந்தப் படை இல்லாத ஒருவர் வேண்டும். பேராசிரியர் கச்சிதமாகப் பொருந்தினார். இருவரும் வென்றார்கள். தன் வீட்டுத் திண்ணையைத்தான் கொடுத்தோம் என்று கெய் நினைத்திருக்கலாம். உண்மையில் அவர் கொடுத்தது நாட்டின் பெரும்பகுதி.

கெய்யைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. 1945இல் நான்கு நகராட்சிகளின் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வாக்கு மறுக்கப்பட்டபோது போராடி வாங்கித் தந்தவர்களில் அவர் முதன்மையானவர். 1946 மே 7ஆம் தேதிச் சட்டம் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிகளில் 'ஆளப்படுவோர்' என்ற வகையையே ஒழித்து எல்லாரையும் குடிமக்களாக்கிய சட்டம் அது. ஆனால் குடியுரிமையோடு வாக்குரிமை உடனே வந்துவிடவில்லை. ஊர்த்தலைவர்கள், முன்னாள் படைவீரர்கள், அரசு ஊழியர்கள், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று வகை வகையாகத்தான் பட்டியல் நீண்டது. 1951 மே மாதச் சட்டம் குடும்பத் தலைவர்களையும் இரண்டு பிள்ளை பெற்ற தாய்மாரையும் சேர்த்தபோது, 1946க்கும் 1951க்கும் இடையில் வாக்காளர் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது. புதிதாக வந்தவர்கள் அனேகமாக எல்லாரும் கிராமத்தவர்கள். தான் திறந்துவிட்ட கதவு வழியே யார் உள்ளே வருகிறார்கள் என்று கெய் பார்த்ததாகத் தெரியவில்லை. அவர் டக்கார் மேயர். அவருடைய கட்சி, நகராட்சி வேலைகளையும் அரசுப் பணிகளையும் பங்கிட்டுக் கொடுப்பதில் உயிர் வாழ்ந்த கட்சி. 1950இல் அவர் பெயரால் வந்த இரண்டாவது பெரிய சட்டமும் ஆப்பிரிக்க, ஐரோப்பிய அரசு ஊழியர்களுக்குச் சம ஊதியமும் சலுகையும் தருவதைப் பற்றியது. நல்ல சட்டம்தான், நீதியான சட்டமும்கூட. ஆனால் கடலைக் கொல்லையில் நிற்பவனுக்கு அதில் ஒன்றும் இல்லை.

இந்த இடைவெளியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது ரயில்வே வேலைநிறுத்தம். 1947 அக்டோபர் 10ஆம் தேதி டக்கார்–நைஜர் பாதையின் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். வெள்ளைத் தொழிலாளருக்கு உள்ள அதே பணிநிலை அமைப்பு தங்களுக்கும் வேண்டும் என்பது கோரிக்கை. தியெஸ் நகரத்தில் இப்ராஹிமா சார் என்ற இளைஞரின் தலைமையில் ஐந்து மாதத்துக்கு மேல், 1948 மார்ச் வரை நீடித்தது. பின்னால் செம்பேன் உஸ்மான் நாவலாக எழுதிய போராட்டம் இதுதான். சோசலிஸ்ட் பெயர் தாங்கிய கட்சி இந்தப் போராட்டத்துக்கு ஊன்றுகோலாக நிற்கவில்லை. பாரிசில் ஆட்சியில் பங்கு வகித்த கட்சி, தன் அரசுக்கு எதிரான வேலைநிறுத்தத்தை எப்படிக் கொண்டாடும்? செங்கோரும் மேடை ஏறி முழங்கிவிடவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் காட்டிய ஆதரவு பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான். ஆனால் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 1948 தொடக்கத்திலேயே சொந்தப் பத்திரிகை ஒன்றைத் தொடங்கியிருந்தார். முன்னாள் படைவீரர்களின் ஓய்வூதியம், கிராமத்துப் பள்ளிக்கூடம், கடலை விலை என்று கடிதங்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். மொல்லேவுக்கு எழுதிய விலகல் கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் முக்கியமானவை. கட்சி ஆப்பிரிக்கர்களைத் தன் பிரெஞ்சுக் கணக்குக்கான கருவியாகவே நடத்துகிறது என்பது ஒன்று. செனகல் கிளை கெய்யின் தனி ஆட்சியாகவும் சலுகை வியாபாரமாகவும் ஆகிவிட்டது என்பது மற்றொன்று. அக்டோபரில் ஃபாத்திக் பகுதியின் பள்ளி ஆசிரியர் மமது தியாவோடு சேர்ந்து 'செனகல் ஜனநாயக அணி'யைத் தொடங்கினார். அதன் முதல் மாநாடு 1949இல் நடந்தது, டக்காரில் அல்ல, தியெஸ்ஸில்.

புதுக்கட்சியின் கட்டுமானம்தான் இந்தக் கதையில் உற்றுப் பார்க்க வேண்டிய பகுதி. ஒவ்வொரு கிராமத்துக்கும் போய்த் தனித்தனி உறுப்பினர் சேர்க்கும் கட்சியாக அது வளரவில்லை. ஏற்கெனவே இருந்த கூட்டங்களைக் கூட்டமாகவே சேர்த்துக்கொண்டது. செனகல் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பிழைக்க வந்தவர்களின் சங்கம் வந்தது. தென்கோடியில் காசமான்ஸ் பகுதிக்கென்று எமில் பாதியானும் நண்பர்களும் தொடங்கிய இயக்கம் அப்படியே உள்ளே வந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, மராபூ எனப்படும் இஸ்லாமிய ஞானகுருக்கள் வந்தார்கள். முரீது நெறியின் சீடர்கள் குருவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். வாரத்தில் புதன்கிழமை குருவின் கொல்லையில் கூலியின்றி வேலை செய்வது பல ஊர்களில் வழக்கம், அதற்குப் 'புதன்கிழமை வயல்' என்றே பெயர். கடலை விளைச்சலில் பெரும்பங்கு இந்த நெறியினரின் கையில் இருந்தது. அந்நெறியின் தலைமைக் குருவான தூபாவின் ஃபாலிலு எம்பாக்கே செங்கோரின் பக்கம் நின்றார். தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் முஸ்லிம்கள் வாழும் நாட்டில், முஸ்லிமான கெய்யை விட்டுக் கத்தோலிக்கரான செங்கோரைக் குருமார் ஆதரித்ததற்குக் காரணம் தெளிவானது. கெய்யின் நகரத்து ஆட்களுக்குக் கிராமத்துக் குரு ஒரு பொருட்டே இல்லை. செங்கோர் அவரைத் தேடிப் போய் அமர்ந்து கேட்டார். 1951 தேர்தலில் செங்கோரும், அவர் தன்னோடு நிறுத்திய தொழிற்சங்கத் தலைவர் அப்பாஸ் கெய்யும் இரண்டு இடங்களையும் வென்றார்கள். லமீன் கெய் தோற்றார். அடுத்த ஆண்டு உள்நாட்டு மன்றத் தேர்தலிலும் சோசலிஸ்டுகளுக்குப் பழைய நகரங்கள்தான் மிஞ்சின.

இது வெறும் பதவி ஆசை என்று சொல்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆசை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கெய்யின் நிழலில் இரண்டாம் ஆளாகவே இருக்க அவருக்கு விருப்பமில்லை. ஆனால் ஆசையால் மட்டும் கட்சி மாறுகிறவன் பொதுவாக ஆளும் பக்கம் போவான். செங்கோர் பாரிசிலும் டக்காரிலும் அதிகாரத்தில் இருந்த கட்சியிலிருந்து வெளியேறி, பெயரே இல்லாத ஒரு கட்சிக்குப் போனார். 1948இல் அது வெல்லும் என்று யாரும் பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். அதே காலத்தில் ஐவரி கோஸ்டின் ஊஃபுவே புவாஞி செய்ததை இதோடு ஒப்பிடலாம். பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுகளோடு நாடாளுமன்றத்தில் கூட்டுச் சேர்ந்திருந்த அவர், அரசின் கடுமையான அடக்குமுறைக்குப் பின் 1950இல் அந்த உறவை முறித்துக்கொண்டு அரசோடு சமரசமானார். அது நெருக்கடியில் செய்த மாற்றம். தன் கட்சியையும் ஆட்களையும் காப்பாற்றச் செய்தது. செங்கோரை யாரும் நெருக்கவில்லை. இன்னொரு தடை, இரண்டு கட்சிகளும் சோசலிசமே பேசின, கொள்கையில் வேறுபாடு இல்லை, பிறகு மாற்றத்துக்கு என்ன பொருள் என்பது. கொள்கை அறிக்கையை வைத்து மட்டும் கட்சியை அளப்பவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். யார் முன்னால் போய்க் கைகூப்ப வேண்டும் என்பதில் இரண்டுக்கும் மலையளவு வேறுபாடு இருந்தது. டக்கார் நகராட்சி எழுத்தரிடம் கையேந்தும் கட்சியும், கடலை விவசாயியிடமும் அவன் குருவிடமும் கையேந்தும் கட்சியும் ஒரே சொற்களைப் பேசினாலும் ஒரே கட்சி அல்ல.

இதைவிடக் கனமான தடை 1958இல் இருக்கிறது. பத்தாண்டு வசைபாடிய பிறகு அந்த ஆண்டு செங்கோரின் கட்சியும் கெய்யின் கட்சியும் ஒன்றாகி 'செனகல் முற்போக்கு ஒன்றியம்' ஆயின. கெய் பின்னர் தேசிய மன்றத்தின் தலைவராகி, 1968இல் இறக்கும்வரை அந்த இருக்கையிலேயே இருந்தார். அப்படியென்றால் பிரிவே நாடகமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1956 முதல் எல்லாருக்கும் வாக்கு வந்துவிட்டது. கிராமம் வென்றுவிட்டது என்பது நகரத்துக்கும் தெரிந்துவிட்டது. கெய் திரும்பி வந்தது தோற்றவராக, மரியாதையோடு. ஆனால் இந்த இணைப்பில் ஒரு பழக்கம் தொடங்கியது. எதிரியை வீழ்த்துவதைவிட விழுங்குவது மலிவு என்று கட்சி கற்றுக்கொண்டது. அதே ஆண்டு செப்டம்பரில் டிகோல் நடத்திய பொதுவாக்கெடுப்பில் உடனடி விடுதலையா, பிரெஞ்சுச் சமூகத்துக்குள் நீடிப்பதா என்ற கேள்வி வந்தபோது, அப்துலாய் லி, அசான் செக், அமது மஹ்தார் எம்போ முதலானோர் விடுதலைக்கு வாக்குக் கேட்டுக் கட்சியை விட்டுப் போனார்கள். குருமார் நீடிப்பதன் பக்கம் நின்றார்கள். செங்கோரும் அங்கேயே நின்றார். 1948இல் வாக்காளருக்குக் காது கொடுத்தவர், 1958இல் வாக்காளரின் இடைத்தரகருக்குக் காது கொடுத்தார் என்று இதைக் கடுமையாகச் சொன்னால் தவறில்லை.

அந்தக் கட்டுமானத்தின் விலை என்ன என்பது 1962 டிசம்பரில் தெரிந்தது. விடுதலை பெற்ற செனகலில் செங்கோர் குடியரசுத் தலைவர், தியா தலைமை அமைச்சர். தியா கடலை வணிகத்தை அரசின் கொள்முதல் அமைப்புக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மாற்றத் தொடங்கியிருந்தார். பழைய வணிக நிறுவனங்களும் ஊர்ப் பெரியவர்களும் நடுவில் நின்று எடுத்த இலாபம் ஆட்டம் கண்டது. குருமார் பலருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் அவர் மேல் கோபம். டிசம்பர் 17ஆம் தேதி அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வர இருந்தது. தியா காவல் படையை அனுப்பி மன்றக் கட்டடத்தை மூடினார். உறுப்பினர்கள் கலைந்து போகவில்லை. லமீன் கெய்யின் வீட்டில் கூடி, அங்கேயே வாக்களித்துத் தியாவை இறக்கினார்கள். கெய்யை எதிர்த்துத் தொடங்கிய கட்சியின் இணை நிறுவனரை, கெய்யின் வீட்டுக் கூடத்தில் வைத்து அதே கட்சிக்காரர்கள் வீழ்த்தினார்கள். தியாவுக்கு ஆயுள் தண்டனை. நாட்டின் தென்கிழக்கு மூலையில் கேதுகு என்ற ஊரில் 1974 வரை அடைபட்டுக் கிடந்தார். அவரோடு தண்டனை பெற்ற அமைச்சர்களில் ஒருவர் இப்ராஹிமா சார். 1947இல் ரயிலை நிறுத்திய அதே சார்தான். தியா கட்டடத்தை மூடியது சட்டவிரோதம் என்று செங்கோரின் தரப்பில் சொல்லலாம், அதில் நியாயமும் உண்டு. ஆனால் பன்னிரண்டு ஆண்டுச் சிறைக்கு அது பதில் ஆகாது.

அதன்பின் யாரும் கட்சி மாறி எங்கும் போக முடியாத நிலை வந்தது. தேர்தல் விதியே அதற்குத் தோதாக இருந்தது. நாடு முழுவதும் ஒரே பட்டியல், அதிக வாக்குப் பெற்ற பட்டியலுக்கு எல்லா இடமும். 1959இலேயே செங்கோரின் கட்சி எண்பது இடங்களையும் அள்ளிக்கொண்டது. இப்படிப்பட்ட விதியின் கீழ் எதிர்க்கட்சியில் இருப்பது தவம் செய்வதற்குச் சமம். வரலாற்றாசிரியர் ஷேக் அந்தா தியோப் தொடங்கிய கட்சி 1963இல் கலைக்கப்பட்டது. 1958இல் விடுதலைக்காக வெளியேறியவர்கள் 1966இல் ஆளும் கட்சிக்கே திரும்பினார்கள். லி, செக், எம்போ மூவரும் அமைச்சரானார்கள். எம்போ பிற்பாடு யுனெஸ்கோவின் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர், திறமையில் குறைந்தவர்கள் அல்லர் இவர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அண்டை நாடுகளில் எதிரிகள் சிறையிலும் துப்பாக்கி முனையிலும் மறைந்துகொண்டிருந்தபோது, செனகலில் பெரும்பாலோர் அமைச்சர் நாற்காலியில் மறைந்தார்கள் என்பது செங்கோரின் ஆதரவாளர்கள் வைக்கும் வாதம். ஒப்பிட்டுப் பார்த்தால் உண்மைதான், கேதுகு கைதிகளை மறந்துவிட்டால். ஆனால் அதன் விளைவு, 1966 முதல் 1974 வரை சட்டப்படி இயங்கும் எதிர்க்கட்சி ஒன்றுகூட அந்நாட்டில் இல்லை.

முடிச்சை அவிழ்க்கத் தொடங்கியதும் செங்கோர்தான் என்பதை மறுக்கக்கூடாது. 1974இல் வழக்கறிஞர் அப்துலாய் வாத் புதுக்கட்சி தொடங்க அனுமதி கேட்டபோது கொடுத்தார். 1976இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மூன்று கட்சிகளுக்கு இடம் தந்தார். அதிலும் பேராசிரியர் போக்குப் போகவில்லை: ஒன்று தாராளவாதம், ஒன்று மார்க்சியம், ஒன்று ஜனநாயக சோசலிசம் என்று பாடத்திட்டம் போல வகுத்தார். நடுவில் இருந்த சோசலிச இடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டு, தாராளவாதப் பட்டையை வாத் விரும்பாமலே அவர் கழுத்தில் மாட்டினார். அந்த ஆண்டே முற்போக்கு ஒன்றியம் தன் பெயரைச் 'சோசலிஸ்ட் கட்சி' என்று மாற்றிக்கொண்டு உலக சோசலிஸ்ட் கட்சிகளின் கூட்டமைப்பில் சேர்ந்தது. சோசலிஸ்ட் கட்சியை விட்டுப் போன மனிதர் இருபத்தெட்டு ஆண்டு கழித்துத் தானே ஒரு சோசலிஸ்ட் கட்சியின் தலைவர். 1978 தேர்தலில் வாத்தின் கட்சி நூறு இடங்களில் 18 பெற்றது. 1980 கடைசி நாளில் செங்கோர் பதவி விலகினார். அவருடைய கட்சி மேலும் இருபது ஆண்டுகள் ஆட்சி செய்து, 2000இல் அதே வாத்திடம் தோற்றது.

வாத் ஆட்சியில் 2001இல் வந்த புதிய அரசியல் சட்டத்தின் 60ஆம் பிரிவு, பதவிக்காலத்தின் நடுவே தன் கட்சியிலிருந்து விலகும் மன்ற உறுப்பினர் தன் இடத்தை இழப்பார் என்கிறது. கட்சி தாவுகிறவர்கள் மீது எரிச்சல் கொண்ட எவருக்கும் இது பிடித்த விதியாகத்தான் இருக்கும். ஆனால் 1948இல் இப்படி ஒரு விதி இருந்திருந்தால், விலகல் கடிதம் எழுதிய நாளிலேயே செங்கோர் பதவி இழந்த ஓர் இலக்கண ஆசிரியர் ஆகியிருப்பார். அப்படி விதி இல்லாததால் 1951 வரை பாரிசில் அதே இருக்கையில் இருந்துகொண்டு, அந்த மூன்று ஆண்டில் புதுக்கட்சியை ஊர் ஊராகக் கட்டினார். அந்தக் கட்சி மாற்றத்தைக் குற்றமாக நான் எண்ணவில்லை. அவர்மீது குற்றம் சொல்ல வேண்டுமானால், தனக்கு 1948இல் கிடைத்த அந்த வெளியேறும் வழியை 1962க்குப் பின் மற்றவர்களுக்கு அடைத்ததற்காகச் சொல்லலாம்.